ரோந்துப் பைக்குள் போகும் 24 சட்ட அட்டைகள்: வாங்கலாமா?

இராமநாதபுரத்தில் நீதிமன்றத்தை ஒட்டிய படிவக் கடைகளில் ரோந்துக் காவலர்களுக்கான சட்ட அட்டைக் கட்டு ஒன்று கிடைக்கிறது. உள்ளங்கை அகலம், இருபுறமும் தமிழ் அச்சு, லேமினேஷன், மூலையில் துளையிட்டு ஒரு இரும்பு வளையம். மொத்தம் 24 அட்டைகள், விலை 220 ரூபாய். தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை இரவில் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டும் காவலர், ஏட்டு, எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) ஆகியோரை மனதில் வைத்துத் தயாரித்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ் (தண்டனைச் சட்டம்), பிஎன்எஸ்எஸ் (நடைமுறைச் சட்டம்), பிஎஸ்ஏ (சாட்சியச் சட்டம்) மூன்றையும், கடலோரத்தில் அடிக்கடி தேவைப்படும் சிறப்புச் சட்டங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையையும் சரிபார்த்தோம்.

அளவுகோல் ஒன்றுதான். இரவு 2 மணிக்குத் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் டார்ச் அடித்து நிற்கும் ஒருவருக்குக் குற்றத்தின் பெயர் அப்போதே தேவைப்படாது. அதை விடிந்ததும் ஸ்டேஷனில் ரைட்டரும் இன்ஸ்பெக்டரும் பார்த்துக்கொள்வார்கள். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று. இதைச் செய்ய என் பதவிக்கு அதிகாரம் உண்டா? செய்வதற்கு முன் எதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? எந்த நேரத்தை எங்கே எழுத வேண்டும்? நீதிமன்றத்தில் உடையும் ரோந்து வழக்குகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் உடைகின்றன. இவற்றுக்கு விடை தரும் அட்டை நல்ல அட்டை.

அந்தக் கணக்கில் கைது பற்றிய முதல் ஐந்து அட்டைகளுக்கே கொடுத்த காசு தகும். பிஎன்எஸ்எஸ் பிரிவு 36 (இனி சட்டத்தின் பெயர் சொல்லாத பிரிவு எண் எல்லாம் பிஎன்எஸ்எஸ்-தான்) கேட்பதை வரிசை பிசகாமல் தந்திருக்கிறார்கள்: சட்டையில் தெளிவாகத் தெரியும் பெயர்ப்பட்டை, கைது குறிப்பாணை, அதில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ளவரோ ஒருவரின் சாட்சிக் கையெழுத்து, கைதானவரின் கையெழுத்து, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டது. கேட்க வேண்டிய வாசகத்தையே பேச்சுத் தமிழில் அச்சிட்டிருப்பது அருமை. “ஐயா, உங்களைக் கைது பண்றேன். காரணம் இது. உங்க வீட்டுல யாருக்குச் சொல்லணும், நம்பர் சொல்லுங்க.” சட்டச் சொற்களை மனப்பாடம் செய்து தடுமாறுவதைவிட இப்படிச் சொல்வதுதான் வலைக்காரர் ஒருவருக்குப் புரியும். சட்டமும் கேட்பது அவருக்குப் புரிவதைத்தான்.

பிரிவு 47-இல் அட்டை இன்னும் ஒரு படி போயிருக்க வேண்டும். ‘கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்கவும்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வாயால் சொன்னோம் என்பது இனி போதாது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றது. அந்த இடத்திலேயே எழுத முடியாத சூழல் என்றால் முதலில் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் கைதே சட்டவிரோதமாகிவிடும். இலங்கையிலிருந்து வந்தவருக்குத் தமிழில் கொடுத்தால் சரி என்று எண்ணுவதிலும் ஆபத்து இருக்கிறது. வந்தவர் சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருக்கலாம். மொழியைக் கேட்டு, அதையும் குறிப்பாணையில் எழுத வேண்டும்.

நேரம் எழுதுவதைப் பற்றிய எச்சரிக்கையைச் சிவப்புக் கட்டம் போட்டுத் தந்திருப்பதை மனதாரப் பாராட்டலாம். தனுஷ்கோடியில் அதிகாலை 2.15-க்கு ஒருவரை வண்டியில் ஏற்றிவிட்டு, ஸ்டேஷனில் காலை 11 மணிக்குக் குறிப்பாணை எழுதினால், பிரிவு 58 சொல்லும் 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? அவர் தன் விருப்பப்படி நகர முடியாமல் போன நிமிடத்தில். குறிப்பாணையில் 11.00 என்றும், ரோந்துக் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தில் 2.15 என்றும், வண்டியின் ஜிபிஎஸ் பதிவில் 2.20 என்றும் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறு ஆயுதமே வேண்டாம். மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகும் பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். ஸ்டேஷனில் உட்கார வைத்த நேரத்தைக் கழிக்க முடியாது.

அதே அட்டையின் பின்புறம் மூன்று தடைகள். சூரியன் மறைந்தபின், உதிப்பதற்கு முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத சூழலில் பெண் அதிகாரி எழுத்து அறிக்கை தந்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்தில், 60 வயது தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டிஎஸ்பி அனுமதி வேண்டும். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் முதலில் யோசிக்க வேண்டியது, கைது செய்யாமல் நேரில் வரச் சொல்லும் பிரிவு 35(3) நோட்டீஸை. கைது செய்தால் அதற்கு ஏன் தேவை என்ற காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். நோட்டீஸ் மாதிரியும் இணைத்திருக்கிறார்கள், எழுத இடம் தாராளம். ஆனால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சேர்க்கவில்லை. படகில் போய்விட்டவருக்கு வாட்ஸ்அப் தட்டிவிடுவது எளிது என்பதால் இந்த ஊரில் அந்த ஒரு வரி கட்டாயம் தேவை.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (சிஆர்பிசி) எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே போட்ட ஏழாவது அட்டைதான் முதலில் கிழியும். அத்தனை தடவை புரட்ட வேண்டியிருக்கும். “ஒன் டென் போட்ருவேன்” என்று மிரட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை, ஆனால் அந்த 110 இப்போது 129. 107 இப்போது 126, 109 இப்போது 128, 151 இப்போது 170, 41ஏ இப்போது 35(3), 161 இப்போது 180, 174 இப்போது 194. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டமான ஐபிசியின் பிரிவுதான் என்ற குறிப்பும் சரியாக இருக்கிறது. குற்றம் நடக்காமல் தடுக்கக் கைது செய்யும் பிரிவு 170-இல் பிடித்தவரை வேறு காரணமில்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம்.

வாகனச் சோதனை அட்டைகள் இரண்டு. உரிமம் கேட்கும் காவலர் சீருடையில் இருக்க வேண்டும், டிஜிலாக்கரில் காட்டும் ஆவணம் செல்லும், குடிபோதையில் ஓட்டியதாகக் கைதானவருக்கு 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும். இவ்வளவு போதும், குறை ஒன்றுமில்லை.

சோதனையும் கைப்பற்றலும் என்ற அட்டையில் ஒரு பிழை இருக்கிறது. பிரிவு 105-இன்படி எடுத்த வீடியோவை ‘48 மணி நேரத்துக்குள்’ மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். 48 மணி நேரம் என்பது பிரிவு 185-இல் வருவது, புலன்விசாரணையின்போது சோதனைக்கான காரணங்களை எழுதிய பதிவுகளின் நகலை அனுப்பும் கெடு. பிரிவு 105 சொல்வது ‘தாமதமின்றி’. இரண்டையும் குழப்பினால் இரண்டாம் நாள் மாலை வரை வீடியோ காவலரின் சொந்த செல்போனிலேயே கிடக்கும்.

வீடியோ எப்படி எடுப்பது என்று ஒரு வரிகூட இல்லாததுதான் இந்தக் கட்டின் பெரிய ஓட்டை. பொருள் கிடைத்தபின் கேமராவைத் திறப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு. சட்டம் கேட்பது சோதனை தொடங்குவதிலிருந்து, பட்டியல் எழுதி, சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வரை. வத்தையில் (சிறு படகில்) ஏறுவதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, இடம், தேதி, நேரம், உடன் இருப்பவர்கள் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூன்றடி தள்ளிப் பேசினாலே குரல் பதிவாகாது. போனை வாய்க்கு அருகில் வைத்து முதல் வரியைப் பேசிவிட்டு, பிறகு காட்சிக்குத் திருப்புவது நல்லது. ஒருவர் டார்ச், ஒருவர் போன், ஒருவர் சோதனை எனப் பிரித்துக்கொள்ளாவிட்டால் இருட்டில் எதுவும் தெரியாது. பதிவை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பிறகு பிஎஸ்ஏ பிரிவு 63 சான்றிதழ். அதில் ஹாஷ் எண் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) கேட்கும் என்பதால், கோப்பை வெட்டுவதோ வாட்ஸ்அப் வழியாக அனுப்பிச் சுருக்குவதோ கூடாது. சுருங்கிய கோப்பின் ஹாஷ் எண் மூலக் கோப்போடு ஒத்துவராது.

சாட்சிகள் பற்றி அட்டை சொல்வது நன்று. பிரிவு 103 அந்தப் பகுதியைச் சேர்ந்த இருவரைக் கேட்கிறது. கிடைக்காவிட்டால் வேறு பகுதியிலிருந்து அழைக்கலாம். எழுத்தில் அழைத்தும் காரணமின்றி மறுப்பது பிஎன்எஸ் 222-இல் குற்றம். மூக்கையூரிலோ வாலிநோக்கத்திலோ அதிகாலை வலை இழுக்க வருபவர்களைக் கேட்கலாம். ஒருவரும் இல்லையென்றால் யாரைத் தேடினோம், எந்த நேரத்தில் என்று அத்தாட்சி மகஜரில் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணத்தில்) அப்படியே எழுதுவது நேர்மையானது, நிலைக்கவும் செய்யும். எல்லா வழக்கிலும் அதே இரண்டு பெயர் வருவதை எந்த நீதிபதியும் கவனிக்காமல் விடமாட்டார்.

இனி கடல்.

பதினான்காவது அட்டை ‘கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நம் எல்லை’ என்கிறது. பொதுவிதி அது. ஆனால் இந்தக் கரைக்கு அது பொருந்தாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 12 கடல் மைல் என்பதே 22 கிலோமீட்டருக்கு மேல். அதனால் பாக் நீரிணைப் பக்கம் 1974 ஒப்பந்தமும், மன்னார் வளைகுடாப் பக்கம் 1976 ஒப்பந்தமும் வகுத்த கோடுதான் எல்லை. படகில் ரோந்து போகிறவர் ‘சுமார் இத்தனை மைல்’ என்று எழுதவே கூடாது. தடுத்து நிறுத்திய கணத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றையும் ஜிபிஎஸ் திரையோடு படம் எடுத்து வைக்க வேண்டும். அட்டையில் அந்த வரியைப் பேனாவால் அடித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

அதே பிழை வகையில் இன்னொன்று: மணல் திட்டில் இறங்கி நிற்கும் வெளிநாட்டினர் பற்றிய அட்டை 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தைக் காட்டுகிறது. அது நீங்கி, 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 வந்துவிட்டது. பழைய சட்டத்தின் பெயரில் வழக்கு எழுதினால் தொடக்கத்திலேயே சிக்கல். அவர்களுக்கு முதலில் தண்ணீரும் நிழலும் கொடுத்து, குழந்தைகள் இருந்தால் வயதை எழுதிக்கொண்டு, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குத் தகவல் தரச் சொல்லும் வரிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அந்தக் குழுமத்தின் 1093 எண்ணையும் போட்டிருக்கிறார்கள்.

கடல் அட்டை என்ற கடல்வாழ் உயிரினத்துக்கு ஒரு தனிச் சட்ட அட்டை. வேதாளை, மரைக்காயர்பட்டினம், கீழக்கரை பக்கம் பணிபுரிபவர் இதை முழுதாகப் படிக்க வேண்டும், தயாரித்தவர்களுக்குக் கடலோர அனுபவம் இருப்பது இதில் தெரிகிறது. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் பிரிவு 50-இல் சோதனையிடவும் கைப்பற்றவும் போலீஸ் தரப்பில் எஸ்.ஐ. பதவிக்குக் குறையாதவர் வேண்டும். ரோந்துக் காவலர் தனியாக மூட்டையை அவிழ்த்து எண்ணிவிட்டு எஸ்.ஐ.யைக் கூப்பிடுவது தலைகீழ். காவல் நின்று, யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு, எஸ்.ஐ.க்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் நேரம் குறித்துத் தகவல் சொல்வதுதான் அவர் வேலை. இன்னொன்று அதைவிட முக்கியம். அந்தச் சட்டத்தின் பிரிவு 55-இன்படி, அதிகாரம் பெற்ற அதிகாரியின் புகாரின் மேல்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போட்டால் நிற்காது. எனவே வனத்துறையிடம் ஒப்படைக்கும் பட்டியல் கச்சிதமாக இருக்க வேண்டும்: உயிருள்ளவை எத்தனை, வேகவைத்தவை எத்தனை, காய்ந்தவை எத்தனை கிலோ, தனித்தனியே. பச்சையாகக் கைப்பற்றியது வெயிலில் நீர் வற்றி எடை குறைந்துவிடும். மகஜரில் ஒரு எடையும் வனத்துறைப் பட்டியலில் வேறு எடையும் வந்தால் இடையில் திருட்டு நடந்ததாகத்தான் கேள்வி வரும். எண்ணிக்கை, எடை இரண்டையும் எழுதி, எடைபோட்ட நேரத்தையும் எழுதுவதே தீர்வு.

சமையல் மஞ்சள், பீடி இலை மூட்டைகள் பற்றியும் தெளிவு இருக்கிறது. ஒருவர் கொட்டகையில் மஞ்சள் மூட்டை வைத்திருப்பது குற்றமல்ல. கடத்தி ஏற்றுமதி செய்ய முயன்றார் என்பதுதான் குற்றம், அதைச் சுங்கத்துறை நிரூபிக்க வேண்டும். அதனால் படகு எங்கே நின்றது, எந்தத் திசை பார்த்து, இஞ்சின் பொருத்தியிருந்ததா, டீசல் எவ்வளவு, ஏற்றிக்கொண்டிருந்தார்களா என்பவைதான் சாட்சியம். மூட்டையை மட்டும் படமெடுத்து வந்தால் ஒன்றும் நிற்காது.

போதைப்பொருள் அட்டைகள் மூன்று. இங்குதான் சற்றுக் கோபம் வருகிறது, ஏனென்றால் 20 கிலோவும் அதற்கு மேலும் கஞ்சா பிடித்த வழக்கிலேயே ஒரு வரி விட்டுப்போனதற்காக விடுதலை வருவதுண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்டிபிஎஸ்) பிரிவு 42 சோதனைக்கு அரசு அதிகாரம் அளித்த, காவலர் பதவிக்கு மேற்பட்ட அதிகாரி வேண்டும். கிடைத்த தகவலை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கைது, கைப்பற்றல் பற்றிய முழு அறிக்கை 57-இன்படி 48 மணி நேரத்துக்குள். இவற்றைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். பொது இடம் என்றால் 43 போதும் என்ற வரிதான் அபாயம். சாலையில் நிற்கும் தனியார் ஜீப் பொதுப் போக்குவரத்து வாகனம் ஆகாது, அதற்கு 42-தான் என்று பூட்டா சிங் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கரையில் ஏற்றி வைத்த தனியார் பைபர் படகுக்கும் 42-ஐப் பின்பற்றிவிடுவதே பாதுகாப்பு.

யார் முன்னிலையில் தன் உடலைச் சோதிக்கலாம் என்று கேட்க ஒருவருக்குள்ள உரிமையைச் சொல்லும், அதே சட்டத்தின் பிரிவு 50 அறிவிப்புக்கு அட்டையில் ஒரே ஒரு மாதிரி, கீழே பல பேர் கையெழுத்துப் போட இடம். இது தவறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும், கூட்டாகச் சொன்னது செல்லாது என்று 2014-இல் பர்மானந்த் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. படகில் நான்கு பேர் என்றால் நான்கு தாள். கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் என்ற இரண்டு வாய்ப்பைத்தான் சொல்ல வேண்டும். “இல்ல, இன்ஸ்பெக்டர் ஐயா முன்னாடியே பாத்துக்கலாமா” என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பதும் அதே தீர்ப்பில் தவறாகக் காட்டப்பட்டது. மாதிரி எடுப்பது கரையில் நடக்கும் வேலையல்ல. அது 52ஏ-இன்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில். கரையில் செய்ய வேண்டியது பொட்டலங்களை எண்ணி, எடைபோட்டு, சீல் வைத்து, சீல் முத்திரையின் பதிவை மகஜரில் ஒட்டுவது. ரோந்து வண்டியில் எலக்ட்ரானிக் தராசு இல்லாததால் மளிகைக் கடையைத் தேடி அலைவதைத் தவிர்க்க, தராசு பற்றியும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

ஊர்மக்கள் பிடித்துக் கொடுப்பவர் பற்றிய அட்டை அளவில் சிறியது, பயனில் பெரியது. படகு இஞ்சின் திருடியவரை ஊரே பிடித்து வைத்திருக்கும். பிரிவு 40-இன்படி 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இப்போதைய சட்டத்தில் புதிதாக வந்தது. பெற்றுக்கொள்ளும்போது உடலில் என்ன காயம் இருக்கிறது என்பதை அந்த இடத்திலேயே பட்டியலிட்டு, ஒப்படைத்தவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரார் அடித்த அடி போலீஸ் அடித்ததாக ஆகிவிடும். உண்மையில் யார் அடித்தது என்பது வெளிவராமலே போகும்.

அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும்போது உதவும், போலீஸ் சொல்வதைக் கேட்காதவரை அப்புறப்படுத்தவோ பிடித்து வைக்கவோ இடம் தரும் பிரிவு 172 அட்டை சரி. சிறு விஷயமென்றால் பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்பதையும் மறக்கவில்லை.

இருந்தே ஆக வேண்டிய இரண்டு அட்டைகள் இந்தக் கட்டில் இல்லை. ஒன்று 18 வயதுக்குக் குறைந்தவர்கள். பொட்டலம் தூக்க ஆள் பிடிப்பவர்கள் பையன்களைப் பிடிக்கிறார்கள். லாக்கப் கூடாது, விலங்கு கூடாது, குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம் உடனே ஒப்படைத்து 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். மற்றொன்று கரை ஒதுங்கும் உடல்கள். பிரிவு 194 விசாரணை ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியுடையது, தகவல் நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். முதலில் அங்கே நிற்பவர் ரோந்துக்காரர். தண்ணீர் ஏறினால் உடல் போய்விடும். கிடந்த நிலையில் நான்கு பக்கமும் படமெடுத்து, இடத்தில் குச்சி நட்டு, நேரம் குறித்து, அலை எட்டாத மேட்டுக்கு மாற்றி, உடை, பச்சை குத்தியது, கயிறு, மோதிரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எங்கோ ஒரு கரையில் காத்திருக்கும் குடும்பம் அடையாளம் காண அந்தப் பட்டியல்தான் மிஞ்சும்.

வாங்கலாம். 12 கடல் மைல், 48 மணி நேரம், 1946 சட்டம், கூட்டு அறிவிப்பு மாதிரி ஆகிய நான்கு இடங்களை அழியாத மார்க்கர் பேனாவால் திருத்திவிட்டு வண்டியில் வையுங்கள். வளையம் உப்புக் காற்றில் ஒரு மாதத்தில் துருப்பிடித்து அட்டைகளில் கறை இறக்கும். கழற்றி எறிந்துவிட்டு, தங்கூசி நரம்பில் (மீன்பிடி நைலான் இழையில்) கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டால் வருடக்கணக்கில் நிற்கும்.